நாலு பேர் அறை

மனைவி இன்பம் எடுத்து வைத்தது ஐந்து தட்டு.

"யாருக்கு இது?" என்றான் பொன்ராஜ்.

அவள் தட்டுகளைப் பார்த்துத் தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். "ஆஸ்பத்திரியில ராத்திரி டூட்டி பார்த்துப் பார்த்து எனக்கு மூளை கலங்கிப் போச்சுங்க." சிரித்தபடி ஒன்றை எடுத்துவிட்டாள். பொன்ராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் பங்களாக் காவல்காரர் ராக்கப்பனும் ஐந்து தம்ளரில்தான் காப்பி கொண்டுவந்திருந்தார்.

தீபாவளி முடிந்து சிவகாசிப் பட்டாசுக் கம்பெனிகள் பூட்டிக் கிடக்கும் பத்து நாள்தான் ஒரு போர்மேனுக்கு வாய்க்கிற விடுமுறை. மலை அணில் பார்க்கணும் என்று மகள் கனகமணி வருஷம் முழுக்க நச்சரித்ததில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரக் காட்டுக்குள், வெள்ளைக்காரன் வேட்டைக்குக் கட்டிய இந்த ஒற்றை அறை பங்களாவுக்கு மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டி வந்திருந்தான். அடைமழை மாதத்தில் எந்தப் புத்திகெட்டவன் காட்டுக்குப் போவான்? பட்டாசுக்காரன்தான் போவான், அவனுக்கு வேறு மாதம் கிடையாது. அரிசி வாங்க ஓடையைத் தாண்டிப் போன ராக்கப்பன் திரும்பவில்லை. மத்தியானம் ஓடை செம்மண் நிறத்தில் பொங்கி, மரப்பாலத்தைப் பிய்த்துக்கொண்டு போய், பங்களாப் படி வரை ஏறிவிட்டது. முன்னால் வெள்ளம், பின்னால் செங்குத்தான பாறை.

சாரலுக்கு ஜன்னல்களை அடைத்ததில் நாலு மணிக்கே அறை இருட்டிவிட்டது. ஓட்டில் இடைவிடாமல் மழை இரைகிற சத்தமும், ஊறிப்போன மரக்கதவின் புளிப்பும், மூலையில் சுருட்டிக் கிடந்த கோரைப்பாயின் ஈர வாடையும் மூச்சை அடைக்க, அதற்கெல்லாம் அடியிலிருந்து பொன்ராஜுக்கு நன்றாகப் பழகிய இன்னொரு வாசனை மெல்ல மெல்ல எழுந்து வந்தது. கந்தகம். சட்டையை முகர்ந்தான். சட்டையில் இல்லை. அரிக்கேனைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் போனான். சுண்ணாம்பில், அவன் இடுப்பு உயரத்தில், அலுமினியப் பொடி மின்னும் சின்னக் கை ஒன்று பதிந்திருந்தது.

அது யார் கை என்று அவனுக்குத் தெரியும்.

கம்பெனியில் வெடிமருந்து அடைக்கிற அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. போர்மேன் வாசலில் நின்று "எண்ணு" என்பான். உள்ளே ஒவ்வொருத்தராக எண் சொல்லணும். ஐந்து என்று கேட்டால், "மிஞ்சினது வெளிய போ" என்பான். வீட்டிலும் பிள்ளைகளோடு அதே விளையாட்டுத்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்திருந்தால் கடைசியில் "அஞ்சு" சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே வாசலுக்கு ஓடும். ஆனால் ஆவணியில், ஆர்டர் நெருக்கிய ஒரு நாள், சுப்புத்தாயை ஐந்தாவதாக அவனே உள்ளே உட்கார வைத்தான். பத்து வயசு. தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, பேரும் பதியவில்லை. அறை வெடித்த பிறகு வந்த அதிகாரியிடம், "உள்ள இருந்தது நாலு பேருதான்" என்று சொன்னான். இன்பத்துக்குக்கூட இது தெரியாது.

கூரை ஒழுகி அரிக்கேன் அணைந்தது.

"அப்பா, பயமாருக்கு." கனகமணி.

"அங்கங்கனயே இருங்க. எண்ணுங்க." பதற்றத்தில் அதுதான் வாயில் வந்தது. "ஒண்ணு."

"ரெண்டு," என்றாள் இன்பம்.

"மூணு," என்றான் மகன் நேசகுமார்.

"நாலு."

கட்டைக் குரல். புகையில் கமறிய குரல்.

"அஞ்சு," என்றாள் கனகமணி.

"வெளிய போ!" என்று அலறினான் பொன்ராஜ். "நாலு பேருதான்! மிஞ்சினது வெளிய போ!"

"சரிப்பா."

பாவாடை உரசும் சத்தம். தாழ்ப்பாள். ஈரக்காற்று. கதவு சாத்திக்கொண்டது.

சரிப்பா.

சுப்புத்தாய் அவனை ஐயா என்றுதான் கூப்பிடுவாள்.

"மணி! ஏ மணி!" கதவில் பாய்ந்து தள்ளினான்.

"அப்பா, உள்ள வரட்டுமா?"

தள்ளினான். தோளால் இடித்தான். கதவு அசையவில்லை. வெளியே சின்னக் கைகள் தட்டின.

"தண்ணி வருதுப்பா. திறங்கப்பா."

முழு உடம்பையும் கொடுத்துத் தள்ளினான். தட்டுவது நின்றது.

அப்புறம்தான் உறைத்தது. கம்பெனிக் கதவுகள்தான் வெளிப்பக்கம் திறக்கும். இது உள்ளே இழுக்கிற கதவு. அவள் திறக்க முடியாதபடி அழுத்திப் பிடித்திருந்தது அவனேதான்.

இழுத்தான். படியைக் காணவில்லை. வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது.

"ஐயோ, என் பிள்ள!"

"யாரைக் கூப்பிடுறீக?" பின்னாலிருந்து இன்பத்தின் நிதானமான குரல். "மணி இங்கன என் மடியிலதான இருக்கா. நாலு பேரும் இருக்கோம்ல."

திறந்த கதவின் மங்கல் வெளிச்சம் உள்ளே விழுந்தது. இன்பம் மடியில் கிடந்த தலையைக் கோதிக்கொண்டிருந்தாள். கோதக் கோதக் கருகிய முடி பொடிந்து உதிர்ந்தது. முழங்கை வரை அலுமினியம் மின்னும் இரண்டு கைகள் அவள் இடுப்பை இறுகக் கட்டியிருந்தன.

"நாலு பேருதான் ஐயா," என்றது அது.