அழகுமீனாவுக்குக் கிடைத்த ஆங்கிலச் சொல்

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 12ஆம் நாள், திங்கட்கிழமை, காலை பதினொன்றே கால் மணி. திருத்தங்கல் பள்ளி ஒன்றின் ஆறாம் வகுப்பில் அழகுமீனா எழுந்து நின்றாள். வெள்ளிக்கிழமை காலைக் கூட்டத்தில் ஓர் ஆங்கிலச் சொல்லை விளக்கும் முறை அவளுடையது. அதற்கு அன்று ஒத்திகை.

அவளுக்குக் கிடைத்த சொல் 'அன்நெர்வ்'. ஒருவரின் மனத்துணிவைக் குலைத்துவிடுதல் என்பது அதன் பொருள்.

"குட் மார்னிங். டுடே வேர்டு..."

"டுடேஸ் வேர்டு" என்றாள் பக்கத்தில் இருந்த ரோஷினி.

"டுடேஸ் வேர்டு ஈஸ்..."

"ஈஸ் இல்லடி, இஸ்."

அழகுமீனா வாயை மூடிக்கொண்டாள். அதன் பிறகு திறக்கவே இல்லை.

"புதன்கிழமை இன்னொரு தடவை பார்ப்போம். அப்பவும் வரலைன்னா விக்னேஷ்வரன் பேசட்டும்" என்றார் டீச்சர்.

இடைவேளையில் ரோஷினி தோழியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒனக்கு உதவிதானடி செஞ்சேன்?"

"வீட்டுல நிறுத்தாமச் சொன்னேன். நீ பக்கத்துல இருந்தா அடுத்த வார்த்தையே வர மாட்டேங்குது."

"நான் என்ன பேயா?"

"பேய்னா ஓடியாவது போகலாம்."

ரோஷினிக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளுடைய அப்பா முத்துக்கிருஷ்ணன் காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். ஓர் எழுத்துத் தவறினால் பத்தாயிரம் காலண்டர்களும் வீண். ஆகவே, பிழையைக் கண்டதும் பாய்ந்து பிடிக்க வேண்டும் என்பதே அவள் எண்ணம்.

மாலையில் அப்பாவோடு வீடு திரும்ப அச்சகத்துக்குப் போனாள். அங்கே வேலை பார்க்கும் பஞ்சம்மாள் அக்கா கையெழுத்துப் படியை உரக்க வாசிக்க, அப்பா அச்சுத்தாளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். 'வெள்ளி' என்பது 'வெளளி' என்று அச்சாகியிருந்தது. ரோஷினி வாயெடுப்பதற்குள் அப்பா ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். அக்காவின் வாசிப்பு நிற்கவில்லை. பக்கம் முடிந்ததும், ஓரத்தில் சேர்ந்திருந்த ஆறு புள்ளிகளையும் ஒருசேரப் பார்த்துத் திருத்தினார்கள். ஒரு பிழையும் தப்பவில்லை.

நூறு முறை பார்த்த வேலைதான். அன்றுதான் அவள் அதைக் கவனித்தாள்.

செவ்வாய்க்கிழமை அழகுமீனாவின் எதிரில் தாளும் பென்சிலுமாக அமர்ந்தாள். "நீ சொல்லுடி. முடிக்கிற வரைக்கும் நான் ஊமை."

அழகுமீனா தொடங்கினாள். முதல் பிழை வந்தபோது ரோஷினி உதட்டைக் கடித்துக்கொண்டாள். மூன்றாவது பிழைக்குக் கண்ணையே மூடிக்கொண்டாள். பேச்சு முடிந்தது.

"எம்புட்டுத் தப்பு?"

"நாலு."

"நாலுதானா?" என்று கேட்டு, அழகுமீனா மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

புதன்கிழமை வகுப்பில் அவள் நிறுத்தாமல் பேசினாள். "பயமுறுத்துறது வேற, இது வேற. முடியும்னு நிக்கிறவங்களை முடியாமப் பண்ணுறதுதான் அன்நெர்வ்" என்று தமிழிலும் விளக்கினாள்.

"வாக்கியத்துல சொல்லு" என்றார் டீச்சர்.

"மை ஃப்ரெண்ட் அன்நெர்வ்ட் மீ ஆன் மண்டே."

வகுப்பே ரோஷினியைத் திரும்பிப் பார்த்தது. எல்லோருக்கும் முந்திச் சிரித்தவள் அவள்தான்.

அன்று முடிவானவை இரண்டு. வெள்ளிக்கிழமை அழகுமீனாவே பேசுவாள். இனி ஆறாம் வகுப்பில் யார் பேசினாலும், பிழைகளைத் தாளில் குறித்துக்கொண்டு, பேசி முடித்த பிறகே சொல்ல வேண்டும்.