குடல் தட்டுகிற கை

திருவொற்றியூர் ஆஸ்பத்திரியில் லுப்னா ஸ்கேன் டாக்டராகச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மழை மூட்டத்தில் பட்டப்பகலே இருட்டிக் கிடந்த ஒரு நாள், கத்திவாக்கத்து எழில்மொழியை அவள் அம்மா கெங்கம்மா கைத்தாங்கலாக அழைத்து வந்தாள்.

"நேத்து தொப்புள சுத்தி நோவுதுன்னா மேடம். இப்ப வலது பக்கம் கீழ எறங்கிக்கீது. நிமிர முடில."

குடல்வால் வீங்கியிருக்க வேண்டும். உடைவதற்குள் எடுத்துவிட்டால் பெண் பிழைப்பாள். உடைந்தால் சீழ் வயிறெங்கும் பரவி உயிருக்கே ஆபத்து. லுப்னா அவள் சட்டையை விலக்கினாள். ஜெல் தடவுவதற்கு முன்பே வயிறு பளபளத்தது. குப்பென்று விளக்கெண்ணெய் வாடை.

"குடல் தட்டுனீங்களா?" லுப்னாவுக்குக் கோபம் வந்தது. வயிற்றுவலி என்றாலே குடல் ஏறிவிட்டது என்று எண்ணெய் போட்டு நீவிவிடுவார்கள். பழுத்த குடல்வாலை நீவினால் உடைந்து தொலைக்கும்.

"நான் இல்ல மேடம். வெளிய பெஞ்சுல ஒரு அம்மா குந்திகினு இருந்துச்சு. அதுவா வந்து, குடல் ஏறிக்கீது கண்ணுன்னு தடவ ஆரம்பிச்சிச்சு. கையத் தட்டிவுட்டு இட்டாந்தேன். ஜில்லுன்னு இருந்துச்சு அந்தக் கை."

நர்ஸ் ரஹீமுன்னிசா ஜெல் பாட்டிலைக் கீழே போட்டாள். அவள் முகம் வெளுத்துவிட்டது.

லுப்னா கதவைச் சாத்திவிட்டு ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்து மெல்ல அழுத்தினாள். நல்ல குடல்வால் அழுத்தினால் அமுங்கிக் கொடுக்கும். இது கொடுக்கவில்லை. திரையில் தடித்த கறுப்புக் குழாயாக விறைத்துக் கிடந்தது. நல்லவேளை, இன்னும் உடையவில்லை.

"மேடம், இன்னொரு கைய எடுங்க," என்று முனகினாள் எழில்மொழி.

லுப்னாவின் இன்னொரு கை மெஷினின் பொத்தான்கள் மேல் இருந்தது.

கருவிக்குப் பக்கத்தில் வயிறு தானாகக் குழிந்தது.

ஐந்து விரல் குழிகள்.

அவை நீவிக்கொண்டே குடல்வாலை நோக்கி நகர்ந்தன. திரையில் அந்தக் குழாய் வளையத் தொடங்கியது.

"தூக்குங்க," என்றாள் லுப்னா.

மூன்று பேருமாக அவளை ஸ்ட்ரெச்சரில் போட்டு ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடினார்கள். பின்னாலேயே ஈரமான வெறுங்கால் சத்தம் தியேட்டர் கதவு வரைக்கும் வந்தது.

எழில்மொழி பிழைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம்தான் ரஹீமுன்னிசா வாயைத் திறந்தாள். "அது தேசம்மா, மேடம். ஊருக்கே குடல் தட்டும். போன வருசம் தன் சொந்தப் பொண்ணுக்கே தட்டி, உள்ள குடல்வால் ஒடைஞ்சி, அந்தப் பொண்ணு நம்ம ஸ்கேன் டேபிள்லயே செத்துப் பூட்ச்சு. சரியா தட்டல, சரியா தட்டலன்னு சொல்லிகினே அந்தம்மா கடல்ல எறங்கிச்சு."

சில நாள் கழித்து, திசுப் பரிசோதனை செய்த டாக்டர் அலெக்ஸாண்டர் போன் செய்தார். "நீங்க ஸ்கேன்ல பாத்தது சரிதான் லுப்னா. குடல்வால் சுவர் முழுக்க சீழ் அணுக்கள். ஒண்ணுதான் புரியல. அதோட வெளிப்பக்கம் பெருவிரல் ரேகை பதிஞ்சிருக்கு. கிளவுஸ் இல்லாம யாரு தொட்டது?"

முந்தின நாள் லுப்னாவுக்குத் தொப்புளைச் சுற்றி வலித்தது. கடை பஜ்ஜியின் வேலை என்று விட்டுவிட்டாள். இப்போது வலி வலது பக்கம் கீழே இறங்கியிருந்தது.

போனை வைத்துவிட்டு வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். விரலெல்லாம் எண்ணெய்.

ஸ்கேன் அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை.

"படு கண்ணு," என்றது காதோரம் ஒரு குரல். "இந்த வாட்டி சரியா தட்றேன்."