எரிகூடத்தில் மனிதர் இல்லை

பேர்கன் நகரில் மாலை ஐந்தரைக்கு லக்சிகா தன் வீட்டுக் கதவின் முன் நின்று, அதில் பொருத்தியிருந்த மூச்சுமானியின் சிறு குழாயில் ஊதினாள். நான்கு நொடிகளில் சிவப்பு விளக்கு எரிந்தது; கதவு திறக்கவில்லை. அவள் தோள்பையை இறக்கிவைத்துவிட்டுக் கதவின் கண்ணாடிக்கு எதிரே படியில் உட்கார்ந்தாள். உள்ளே அவள் கணவன் பிரணவன் மகளைத் தூக்கிவந்து கண்ணாடியின் அந்தப் பக்கம் இருத்தினான். லக்சிகாவின் சாப்பாட்டுப் பெட்டியைக் கதவின் கீழ்த்திறப்பு வழியாக வெளியே தள்ளினான். மூவரும் சாப்பிடத் தொடங்கினார்கள். இப்படிச் சாப்பிடுவது இது இருபத்துமூன்றாவது நாள்.

"இண்டைக்கு என்ன கறி? சொல்லுங்கோ பாப்பம்," என்றாள் ஐந்து வயது ஆதிரை, கண்ணாடியில் மூக்கை அழுத்தியபடி.

"மணத்தைப் பாத்தால் கத்தரிக்காய்."

"பிழை! அப்பா எரிச்சது!"

"அடி கள்ளி, பேசாமல் சாப்பிடு," என்றான் பிரணவன். சிரித்தபோதும் அவன் லக்சிகாவின் முகத்தைப் பார்க்கவில்லை. முப்பதாம் நாளும் சிவப்பு எரிந்தால், அந்த வீட்டின் பதிவிலிருந்து அவள் பெயர் நீக்கப்படும். அதன்பின் இந்தப் படியிலும் உட்கார முடியாது.

நோர்வேயின் புகையிலைச் சட்டங்கள் அவள் பிறப்பதற்கு முன்பே தொடங்கியவை. முதலில் சிகரெட் பெட்டிகள் கடைகளில் கண்ணுக்கு மறைந்தன. பிறகு அவற்றின் நிறம் போனது. பிறகு குறிப்பிட்ட ஆண்டுக்குப் பின் பிறந்த எவருக்கும் விற்பனை இல்லை என்றானது. அவற்றில் எதையும் லக்சிகா குறை சொன்னதில்லை. அவளுடைய மாமனார் இருமி இருமிச் செத்தவர். கடைசியாக, இருபத்துமூன்று நாள்களுக்கு முன், நடைமுறைக்கு வந்தது புகையற்ற இல்லச் சட்டம். மூச்சிலும் இரத்தத்திலும் புகையிலைச் சுவடு உள்ள எவரும், பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை வாழும் வீட்டுக்குள் நுழையக் கூடாது. அதற்கும் அவள் கைதட்டியிருந்தாள்.

அவள் வாழ்நாளில் புகைத்ததே இல்லை. அவள் வேலை செய்தது துறைமுகத்து எரிகூடத்தில். கடத்திவரும் புகையிலையைக் கரைக்காவல் படகுகள் பிடித்துக் கொடுக்கும்; எரிகூடம் அதை எரிக்கும்; அந்தச் சூடு குழாய்களில் வெந்நீராக ஓடி நகரத்து வீடுகளைச் சூடேற்றும். 'மனிதக் கை படாத எரிகூடம்' என்று பேருந்துகளில் விளம்பரம் இருந்தது. ஆனால் துரத்தப்பட்ட கடத்தல்காரர்கள் பொதிகளைக் கடலில் வீசினார்கள். நனைந்த பொதி உலையின் வாயில் சிக்கிக்கொள்ளும். பதினொரு பேர் புகைக்குள் நின்று நீண்ட இரும்பு வாரிகளால் அதை இழுத்து, கிழித்து, பிரித்து மீண்டும் உள்ளே தள்ளினார்கள். முகமூடி கேட்டபோது, இயந்திரத்துக்கு முகமூடி எதற்கு என்று பதில் வந்தது. அது நக்கல் அல்ல. பதிவேட்டில் அங்கே மனிதர் இல்லை.

இருபத்தாறாம் நாள் அவள் மூச்சுப் பதிவகத்துக்குப் போனாள். அங்கே அதிகாரியாக இருந்தவர் செந்தூரன். தமிழர் சங்கத்தில் பார்த்துப் பழகிய முகம்.

"இருங்கோ தங்கச்சி. நீங்கள் புகைச்சனீங்கள் எண்டு நான் சொல்லேல்லை. உங்கடை இரத்தம் சொல்லுது."

"நான் எங்கை வேலை செய்யிறன் எண்டு அந்த இரத்தம் சொல்லேல்லையோ அண்ணை?"

"சட்டத்தின்ரை இணைப்பிலை தெளிவா எழுதியிருக்கு. எரிகூடம் முழுத் தானியங்கி. அங்கை ஆக்கள் இல்லை."

"அப்ப நாங்கள் பதினொரு பேரும் பேயோ?"

அவள் தன் வேலை அட்டையை மேசைமேல் வைத்தாள். படத்துக்குக் கீழே, பணி என்ற இடத்தில், 'துணைக்கருவி, வகை நான்கு' என்றிருந்தது. செந்தூரன் அதை வாசித்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார்.

"அங்கை ஆள் இருக்கெண்டு நான் எழுதினால் சட்டமே பொய்யெண்டாகும். ஆர் கையெழுத்து வைப்பினம்?" குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி இருக்கு. புகைச்சனான் எண்டு ஒத்துக்கொள்ளுங்கோ. முதல் தடவை எண்டால் தொண்ணூறு நாள் சலுகை. கதவு திறக்கும், சிகிச்சையும் தருவினம். அதுக்குள்ளை எரிகூடத்தை விட்டிடுங்கோ, சுவடு தானாப் போயிடும்."

"புகைச்சவைக்கு வழி இருக்கு. புகைக்காத எனக்கு இல்லை."

"ஓம்."

"இதை வாய்கூசாமல் சொல்லுறியள்."

"கூசுது தங்கச்சி," என்றார் அவர். "பிள்ளையை நினையுங்கோ."

ஒப்புதலைக் குழந்தையின் முன்னால், வீட்டு வாசலில், பேச்சைப் பதிவுசெய்யும் கதவுக்குக் கேட்கும்படி வாசிக்க வேண்டும் என்பது விதி. செந்தூரன் கொடுத்த ஒப்புதல் தாளை லக்சிகா மூன்று நாள் பையிலேயே வைத்திருந்தாள். முப்பதாம் நாள் மாலை அவள் படியில் உட்காராமல் நின்றபடியே தாளைப் பிரித்தாள்.

"நான் என் விருப்பத்தின்படி புகைத்தேன். என் குழந்தையின் மூச்சைவிட என் இன்பத்தைப் பெரிதாக நினைத்தேன். மன்னிப்புக் கேட்கிறேன்."

விளக்கு பச்சையானது. கதவு விலகியது. இந்த முப்பது நாளும் அவள் மனதில் ஓட்டிப் பார்த்த காட்சியில், ஆதிரை ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொள்வாள். ஆதிரை ஓடிவரவில்லை. இரண்டடி பின்னால் போய், சுவரிலிருந்த வெந்நீர்ச் சூடேற்றியில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

"அம்மா, அப்ப உண்மையோ? எங்கடை ரீச்சர் படம் காட்டினவ. புகைக்கிற ஆக்களுக்குப் பிள்ளையளைவிடப் புகைதான் விருப்பமாம்."

லக்சிகா வாயைத் திறந்தாள். பிரணவன் வேண்டாம் என்று தலையசைத்து, கண்ணால் கதவைக் காட்டினான். ஒப்புதலை மறுத்து ஒரு சொல் கேட்டாலும் சலுகை ரத்தாகும். அப்படி ரத்தானால் மறுபடி கிடைக்காது.

"சொல்லுங்கோ அம்மா. என்னைவிட விருப்பமோ?"

அவள் முழங்காலிட்டு இரு கைகளையும் நீட்டினாள். உள்ளங்கைகளில் வாரியின் தழும்புகள் இருந்தன. அவை என்னவென்று குழந்தைக்குத் தெரியாது. காலையில் அவள் கிளறிவிட்ட நெருப்பின் சூடு ஆதிரையின் முதுகுக்குப் பின்னால் குழாயில் ஓடிக்கொண்டிருந்தது. ஆதிரை பதிலுக்காக நின்றாள். கதவும் கேட்டுக்கொண்டிருந்தது.