ஏழு சென்டிமீட்டருக்குள் ஒரு ஃபேன்

மணமேடையில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். கம்ப்யூட்டர் அணைந்துபோனது.

"அய்யோ, மறுபடியுமா!" என்று ஜெயஸ்ரீயின் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

அம்மாவின் பெயர் சுஜாதா. கோத்தகிரியில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டி அழகாக்கும் வேலையில் இருந்தார். ஸ்டூடியோவை மூடிவிட்டார்கள். அம்மா சும்மா இருக்கவில்லை. பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, கட்டபெட்டு என்ற தங்கள் ஊரில் வீட்டிலேயே தொழிலைத் தொடங்கிவிட்டார். செருப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கம்ப்யூட்டர், அவ்வளவுதான்.

முதல் வேலை, மேல் தெரு மாலதி அக்காவின் கல்யாண வீடியோ. மாலதி அக்கா ஞாயிற்றுக்கிழமை காலையில் மஸ்கட்டுக்குக் கிளம்புகிறார். போகும்போது வீடியோவைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

பாட்டு, படம், பெயர் எல்லாம் சேர்த்தாகிவிட்டது. மொத்தத்தையும் ஒரே படமாக மாற்றி எடுக்கும் வேலை மட்டும்தான் பாக்கி. அந்த வேலையைத்தான் கம்ப்யூட்டர் செய்ய மாட்டேன் என்கிறது. தாலி கட்டும் இடம் வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடும். அப்புறம் பட்டென்று அணைந்துவிடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் மூன்று தடவை அப்படி ஆனது.

"குளுரு தாங்கலையோ என்னமோ?" என்றார் அப்பா. அவர் பெயர் நல்லசிவம். தேயிலை ஃபேக்டரியில் சூப்பர்வைசர். ஊரில் எது கெட்டுப்போனாலும் குளிரின் மேல் பழி போடுவது அவர் வழக்கம். பால் திரிந்தாலும் குளிர்தான், பஸ் தாமதமானாலும் குளிர்தான்.

அம்மா சிரிக்கவில்லை. "எனக்கு இது ஒத்து வராதுங்க. மாலதிகிட்ட மன்னிப்புக் கேட்டுடறேன். பொட்டியையும் வித்துப்போடலாம்" என்றார்.

ஜெயஸ்ரீ அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் அம்மாவின் முகம் எப்படி மலரும் என்று அவளுக்குத் தெரியும். அதை விற்றுவிட்டால் அந்த முகம் எங்கே போகும்?

கம்ப்யூட்டரை எடுத்து மேஜை மேல் வைத்துத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது.

"அப்பா, இதுக்குக் குளுரு இல்லீங்க. காய்ச்சல்!"

அப்பா உடனே ஊட்டியில் கம்ப்யூட்டரை விற்ற தினகரனுக்குப் போன் போட்டார். தினகரன் விளக்கினார்.

"உள்ள ப்ராசசர்னு ஒரு சில்லு இருக்குதுங்க. எல்லாக் கணக்கையும் அதுதான் போடும். வேலை கூடினா சூடு ஏறும். மேல இருக்கற ஃபேன் காத்தடிச்சு அதை ஆத்தணும். ஃபேன் தேஞ்சு போயிருந்தா சூடு தாங்காம, கெட்டுப்போகறதுக்கு முன்னாடி அதுவே தன்னை அணைச்சுக்கும். நாளைக்குக் காலையில கடைக்கு வாங்க. ஃபேனும் தகடும் சேர்ந்த வேற கூலர் போட்டுக்கலாம்."

அப்பா மூடியைக் கழற்றினார். ஜெயஸ்ரீ பள்ளிக்கூடப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஃபேன் வாங்கறதுக்கு ஸ்கேல் எதுக்கு கண்ணு?" என்று அப்பா சிரித்தார்.

"கட்டில் வாங்கறப்பவும் இப்படித்தான் கேட்டீங்க" என்றார் அம்மா.

அப்பா சிரிப்பை நிறுத்திக்கொண்டார். போன வருடம் அவர் அளக்காமல் வாங்கிய கட்டில் வாசல் வழியாக நுழையவில்லை. ஜன்னல் சட்டத்தைப் பெயர்த்துத்தான் உள்ளே கொண்டுவந்தார்கள். அதுவரை கட்டில் வெளியே பனியில் நனைந்துகொண்டு கிடந்தது. தெருவில் போன எல்லோரும் அதில் உட்கார்ந்து ஓய்வெடுத்துவிட்டுப் போனார்கள்.

ஜெயஸ்ரீ ப்ராசசரிலிருந்து மூடி வரைக்கும் அளந்தாள். ஏழு சென்டிமீட்டர் இருந்தது.

சனிக்கிழமை காலை அப்பாவும் மகளும் பஸ் பிடித்து ஊட்டிக்குப் போனார்கள். தினகரன் மூன்று கூலர்களை எடுத்து வைத்தார். அப்பாவின் கண் நேராகப் பெரியதிடம் போனது. இரண்டு ஃபேன், செம்புக் குழாய்கள், போதாததற்கு நீலமும் சிவப்புமாக விளக்கு வேறு.

"ஆஹா! இதையே குடுத்துருங்க" என்றார் அப்பா.

"இது எவ்வளவு உசரங்க?" என்று கேட்டாள் ஜெயஸ்ரீ.

"பதினஞ்சு சென்டிமீட்டர் வரும் பாப்பா."

"எங்க பொட்டிக்குள்ள ஏழுதான் இடமிருக்குதுங்க."

அப்பாவுக்கு விளக்கை விட மனசில்லை. "மூடியக் கழட்டிப் போட்டுட்டா என்ன?" என்றார்.

"அப்பா, நம்ம பூனை அதுக்குள்ளதான் போய்ப் படுக்கும்."

தினகரன் சிரித்துவிட்டார். மற்ற இரண்டில் ஒன்று ரொம்ப மெலிதாக இருந்தது. இன்னொன்று கொஞ்சம் தடிமன். அதன் உலோகத் தகடுகள் புத்தகத்தின் பக்கங்களைப் போல நெருக்கமாக அடுக்கப்பட்டிருந்தன.

"இந்த ரெண்டுல எது நல்லா ஆத்தும்?" என்று கேட்டாள்.

"நல்ல கேள்வி. லெட்டர் டைப் பண்றதுக்கு மெலிசே போதும். வீடியோ வேலைன்னா தடிமன்தான். தகடு அதிகம், அதனால சூட்டை வேகமா இழுக்கும். ஆனா ஃபேனுக்கும் மூடிக்கும் நடுவுல கொஞ்சம் இடம் விடணும். மூடியில ஓட்டை இருக்கா?"

"தேன்கூடு மாதிரி நெறைய இருக்குதுங்க."

ஜெயஸ்ரீ தன் ஸ்கேலை வைத்து அளந்தாள். ஐந்தரை சென்டிமீட்டர். மேலே ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடம் மிச்சமிருக்கும். "இதையே குடுங்க" என்றாள். அப்பா பெரியதை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

வீட்டுக்கு வந்ததும் வேலை தொடங்கியது. ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவே ஒரு பசை தடவ வேண்டும். "பட்டாணி அளவு போதும்" என்று தினகரன் சொல்லி அனுப்பியிருந்தார். அப்பா ட்யூப்பை அமுக்கினார். பட்டாணி வரவில்லை, எலுமிச்சம்பழம் வந்தது.

"நீங்க தள்ளுங்க" என்று அம்மா வாங்கிக்கொண்டார். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, அளவாக வைத்து, திருகுகளை முடுக்கினார். சின்னச் சின்ன வேலைக்கு அம்மாவின் கை அசையவே அசையாது.

ஜன்னலோர மேஜையிலேயே சோதித்துப் பார்த்தார்கள். வெளியே மூடுபனி வெள்ளையாக நின்றது. கம்ப்யூட்டருக்கு ஒரு பகுதி வீடியோவை வேலையாகக் கொடுத்துவிட்டு, மூவரும் திரையில் தெரிந்த வெப்ப அளவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். முன்பெல்லாம் அது தொண்ணூறு டிகிரியைத் தாண்டிவிடும். இப்போது அறுபதிலேயே நின்றது.

"அம்சமா இருக்குது!" என்றார் அம்மா. ஜெயஸ்ரீக்குப் பெருமை தாங்கவில்லை.

"சரி, வெளிய வெச்சா பனி ஏறிடும்" என்று அப்பா கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டுபோய் அதன் இடத்தில் வைத்தார்.

அதன் இடம் அலமாரி. மலையில் பல வீடுகளில் இப்படி ஒரு அலமாரி உண்டு. ஈரக் காற்றில் துணியும் காகிதமும் பூஞ்சை பிடித்துவிடும் என்பதால், உள்ளே ஒரு குண்டு பல்பை எரியவிட்டுக் கதவைச் சாத்திவைப்பார்கள். அம்மாவின் பட்டுப்புடவை, ஜெயஸ்ரீயின் ஷூ, கம்ப்யூட்டர் எல்லாம் அதற்குள்தான். ஒயர் வெளியே வருவதற்கு அப்பாவே பின்பக்கம் ஓட்டை போட்டுக் கொடுத்திருந்தார்.

சாயங்காலம் அம்மா முழு வீடியோவையும் ஓடவிட்டார். மாப்பிள்ளை அழைப்பு தாண்டியது. மாலை மாற்றியது தாண்டியது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார்.

திரை கறுத்துப்போனது.

அம்மா மெதுவாக எழுந்து, "நான் போய் மாலதிகிட்டச் சொல்லிட்டு வந்தர்றேன்" என்று செருப்பைத் தேடினார்.

"இரு சுஜாதா! சின்னதா வாங்கினதுதான் தப்பு. பக்கத்து வீட்டு வடிவேல்கிட்ட ஜீப் கேட்டு, இப்பவே ஊட்டிக்குப் போய் அந்தப் பெரிசையே வாங்கிட்டு வந்தர்றேன். மூடி இல்லாட்டிப் போகுது" என்றார் அப்பா.

ஜெயஸ்ரீக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சின்னதைத் தேர்ந்தெடுத்தது அவள்தானே. ஆனால் மத்தியானம் நன்றாகத்தானே ஓடியது! கூலர் அதேதான். கம்ப்யூட்டரும் அதேதான். அப்படியானால் எது மாறியது?

ஓடிப்போய் அலமாரிக் கதவைத் திறந்தாள். உள்ளேயிருந்து வந்த வெக்கையில் அவளுடைய மூக்குக்கண்ணாடி முழுவதும் ஆவி படிந்துவிட்டது. துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே குண்டு பல்பு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "அப்பா, உங்களாலதான்!" என்று கத்தியிருக்கலாம். ஆனால் கம்ப்யூட்டர் கெட்டுவிடக் கூடாது என்றுதானே அப்பா அதை அங்கே வைத்தார்? ஓட்டை போட்ட அன்றைக்குத் தெருவில் பாதிப்பேரைக் கூப்பிட்டுக் காட்டியவர் ஆயிற்றே.

அப்பா ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஃபேக்டரியில எலையைத் தொட்டியில பரப்பி, கீழ இருந்து ஃபேன் போட்டு வாட்டுவீங்கல்ல?"

"ஆமா கண்ணு. இப்ப எதுக்கு அது?"

"அப்ப ஜன்னலையெல்லாம் அடைச்சுட்டா என்னாகுங்க?"

"யாராச்சும் அடைப்பாங்களா? அடிச்ச காத்து வெளிய போனாத்தானே புதுக்காத்து உள்ள வரும். அடைச்சு வெச்சா, எவ்வளவு பெரிய ஃபேன் போட்டாலும் அதே காத்தைத்தான் சுத்திச் சுத்தி அடிச்சுட்டு இருக்கும். எலை புழுங்கி..."

அப்பா பேச்சை நிறுத்தினார். ஸ்வெட்டரில் ஒரு கை நுழைந்தும் ஒரு கை நுழையாமலும் அலமாரியைப் பார்த்தார். அப்புறம் பல்பைப் பார்த்தார்.

"அடக் கடவுளே! கூலரை வாங்கி, கதவையும் சாத்தி, குளுரு காயறதுக்குப் பக்கத்துல பல்பையும் வெச்சுக் குடுத்திருக்கேனே!"

முதலில் சிரித்தது அம்மாதான். செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்பாவும் சேர்ந்துகொண்டார். அந்தச் சிரிப்பில் ஸ்வெட்டருக்குள் இன்னொரு கை கடைசி வரை நுழையவே இல்லை.

கம்ப்யூட்டர் மேஜைக்கு வந்தது. பட்டுப்புடவைக்குப் பல்பு அப்படியே இருக்கட்டும் என்று முடிவானது. "வேலை முடிஞ்சு ஆறினப்புறம் ஒரு துணி போத்திட்டாப் போதும், பனி ஏறாது" என்றார் அப்பா.

அம்மா ஜன்னலைத் திறக்கப் போனார்.

"வேண்டாம்மா" என்று ஜெயஸ்ரீ தடுத்தாள். "தெனமும் ஜன்னலைத் தொறந்து வெச்சுட்டா நீங்க வேலை செய்வீங்க? வெறைச்சுப் போவீங்க. நீங்க எப்படி உக்காருவீங்களோ அப்படியே வெச்சுப் பாக்கலாம். முழுப் படமும் ஓடட்டும்."

அம்மா முதலில் கீபோர்டில் என்னவோ ஒரு வரி தட்டிச் சேர்த்தார். பிறகு ஜன்னல் மூடியபடி, மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார, முழுப் படமும் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. மாப்பிள்ளை அழைப்பு. மாலை மாற்றுதல். வெப்பம் அறுபத்தைந்தில் நின்றது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அம்மா ஜெயஸ்ரீயின் கையைப் பிடித்த பிடியில் அவளுக்கு விரல் வலித்தது.

கெட்டிமேளம் கொட்டியது! மாப்பிள்ளை தாலியைக் கட்டியே விட்டார்!

"கட்டிட்டான்! கட்டிட்டான்!" என்று அப்பா துள்ளிக் குதித்தார். நிஜக் கல்யாணத்தில்கூட அவர் இவ்வளவு சந்தோஷப்படவில்லை. அன்றைக்கு அவர் அந்த நேரம் சாப்பாட்டுப் பந்தியில் இருந்தார் என்பது வேறு விஷயம்.

படம் முடிந்ததும் அம்மா மாலதி அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். பெட்டி கட்டுவதைப் பாதியில் விட்டுவிட்டு மாலதி அக்கா ஓடி வந்தார். கூடவே அவருடைய அத்தை அங்கம்மாவும் வந்தார். மாலதி அக்கா சிரித்துக்கொண்டே பார்த்தார், கொஞ்சம் அழுதுகொண்டும் பார்த்தார். மஸ்கட்டுக்குப் போய்த் தினமும் பார்ப்பேன் என்றார்.

"சுஜாதா, அடுத்த மாசம் எங்க ஊட்டுல பேரனுக்குக் காது குத்தறோம். அந்த வீடியோவும் நீயே பண்ணிக் குடுத்துரு சாமி" என்றார் அங்கம்மா அத்தை.

ஜெயஸ்ரீ மூச்சுவிடாமல் அம்மாவைப் பார்த்தாள். நேற்று விற்றுவிடலாம் என்று சொன்ன அம்மா, ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"அதுக்கென்னங்க, ஜோராப் பண்ணிடலாம்" என்றார்.

அவர்கள் போன பிறகு அம்மா, ஜெயஸ்ரீயைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படத்தின் கடைசிப் பகுதியைப் போட்டுக் காட்டினார். மாலதி அக்கா அழுத அழுகையில் யாரும் அதைக் கவனித்திருக்கவில்லை. திரையில் ஒரு பூ விரிந்தது. அதன் கீழே எழுத்துகள் வந்தன.

படத்தொகுப்பு: சுஜாதா.

அதற்கும் கீழே இன்னொரு வரி வந்தது. காற்றோட்டம்: ஜெயஸ்ரீ.

அப்பா எட்டிப் பார்த்தார். "என் பேரைக் காணோமே?" என்றார்.

"காதுகுத்து வீடியோவுல போட்டுடலாங்க" என்றார் அம்மா. "அதுவரைக்கும் நீங்க அந்தக் கதவைச் சாத்தாம இருங்க!"