சிவப்புக் கையுறையும் ரவைப் பனியும்

"நட மதி! நேரமாகுது!" என்று அவசரப்படுத்தினான் போஸ்கோ. நிறைமதி நகரவில்லை. அவள் பார்வை அவன் கையிலேயே இருந்தது. அவன் மாட்டியிருந்த சிவப்புக் கையுறை அவளுடைய அண்ணன் இளவழகனுடையது!

இமயமலையில், மேலே ஒரு கற்குடிசையில், இளவழகன் கால் முறிந்து கிடந்தான். கூடப் போன நண்பன் போஸ்கோ மட்டும் நேற்று தனியாக இறங்கி வந்தான். மேகம் கலையாமல் ஹெலிகாப்டர் வராது. குடிசையில் அடுப்பெண்ணெய் இன்றிரவைத் தாண்டாது. அதனால்தான் எண்ணெயும் மருந்தும் சுமந்து இருவரும் கிளம்பியிருந்தார்கள்.

விழுந்தவனை விட்டுவிட்டு, அவன் கையுறையையும் மாட்டிக்கொண்டு வருகிறவன் என்ன மனிதன்? கேட்டால், "அப்புறம் சொல்றேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்! சிறு வயதிலிருந்து "அண்ணே" என்றழைத்த வாய், இன்று வெறும் "போஸ்கோ" என்றது. அவனும் அதைக் கவனித்தான்.

எதிரே வெள்ளை வெளேரென்று ஒரு திறந்த சரிவு.

"நேத்து இதுலதான் இறங்கினேன், ஒண்ணும் ஆகல. நேரா ஏறிடலாம்" என்றான்.

"நேத்து காத்து இல்லையே! ராத்திரி பூரா அடிச்சு பனிய இங்க கொண்டுவந்து கொட்டியிருக்கு."

அவள் ஓரத்தில் கால் வைத்ததும் அடியில் 'தொம்' என்றது! ஒரு விரிசல் பாய்ந்தோடியது. பின்வாங்கி, மண்வெட்டியால் தோண்டிப் பார்த்தாள். மேலே பலகை போலக் கெட்டிப் பனி. அடியில் ரவை போல ஒட்டாத பனி. ஓர் ஆள் பாரம் போதும், பலகை மொத்தமும் வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

"இதுலயா என்னை ஏத்தப் பாத்தீங்க?"

"அவசரத்துல யோசிக்கல மதி."

அவள் நம்பவில்லை. பாறை முகட்டைச் சுற்றிப் போனார்கள். அவனை முன்னால் நடக்கவிட்டாள். வழியில் ஒரு குறுகிய பனிப்பள்ளம். ஒருவர் கடக்கும்போது மற்றவர் கண்ணெடுக்காமல் பார்ப்பது மலையேறிகளின் வழக்கம். போஸ்கோ கடந்தான். அவனே போய்விட்டான், இனி என்ன என்று அவளும் இறங்கினாள். ஆளைச் சந்தேகிக்கும் மும்முரத்தில் பனியைச் சந்தேகிக்க மறந்துபோனாள்!

பனி உடைந்தது! வானம் புரண்டது. வாயெல்லாம் பனி. கையை அசைக்க முடியவில்லை. இவன் விட்டுவிட்டுப் போய்விடுவான் என்றுதான் நினைத்தாள்.

தலைக்கு மேல் மண்வெட்டிச் சத்தம்! "மதி, மூச்சு விடு! நீ மறைஞ்ச இடத்த விட்டு நான் கண்ணெடுக்கல!" என்று அழுதுகொண்டே தோண்டினான் போஸ்கோ. அவள் கையுறைகள் பனியோடு போயிருந்தன. சிவப்புக் கையுறைகளைக் கழற்றி அவள் கையில் மாட்டிவிட்டு, வெறுங்கையோடு ஏறினான்.

குடிசையில் இளவழகன் உயிரோடிருந்தான்! தங்கையை அணைத்தவன் கையுறையைப் பார்த்தான்.

"டேய், இத உனக்குத்தானடா குடுத்தேன்! மதி, இவனோடது பள்ளத்துல விழுந்துபோச்சு. விட்டுட்டுப் போக மாட்டேன்னு ஒரே அழுகை. நான்தான் திட்டி, மாட்டிவிட்டு அனுப்பினேன்."

"ஏன் சொல்லல?" என்றாள் நிறைமதி.

போஸ்கோ தலைகுனிந்தான். "அடிபட்டவன் கையுறைய வாங்கிட்டு வந்தேன்னு எந்த வாயால சொல்றது?"

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பனியிடம் காட்ட வேண்டிய சந்தேகத்தைப் பழகிய மனிதரிடம் காட்டிவிட்டோமே!

காலையில் மேகம் விலகி ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. போஸ்கோவின் விரல்கள் வீங்கிச் சிவந்திருந்தன. நிறைமதி கையுறைகளைக் கழற்றினாள்.

"கைய நீட்டுங்கண்ணே" என்றாள்.