என்னைத் தவிர

காலை ஏழரைக்கு மிஸ்ஸிடம் கடலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டு மணிக்கு மெஸ்ஸில் இட்லி தீர்ந்துவிடும் என்பதால் கடலைச் சுருக்கமாகவே சொல்வோம்.

"ஏழாம் குட்டை. தண்ணீர் முழங்கால் அளவு. கடல் சாமந்தி பதினான்கு. நட்சத்திரமீன் மூன்று. சங்குக்குள் குடியிருக்கும் நண்டு ஆறு. கடல் அட்டை இரண்டு. மொத்தம் இருபத்தைந்து உயிர், என்னைத் தவிர."

"பதிஞ்சாச்சு. சாப்பிட்டியா தம்பி?" என்று கேட்பார் மிஸ்.

மிஸ் என்றால் எலீசா அன்னபாக்கியம். இறந்து நூற்றெண்பது ஆண்டுகள் ஆகின்றன. பெண்கள் கடலுக்குள் கால் வைக்காத காலத்தில், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாறைக் குட்டைகளில் இறங்கி, பதினாறு வருடம் தினமும் உயிர்களை எண்ணியவர். தோட்டைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்று நினைத்து, முதல் வருடம் மீனவர்களும் சேர்ந்து தேடினார்களாம். அவருடைய குறிப்பேடுகளையும் கடிதங்களையும் கொண்டு உருவாக்கிய மறுகுரல், எங்கள் விலங்கியல் துறையில் ஒரு எலும்புக்கூட்டுக்கும் ஓடாத மின்விசிறிக்கும் நடுவே ஒரு பெட்டியில் இருக்கிறது.

முடிவுறாப் பணிச் சட்டப்படி, வேலையை முடிக்காமல் செத்தவரை மட்டுமே மறுகுரலாக இயக்கலாம். வேலை முடிந்தால் பெட்டி தானாக அணைந்துவிடும். மிஸ்ஸின் வேலை ஏழாம் குட்டையை எண்ணுவது. என்றைக்கு எண்ணிக்கை பூஜ்யமோ அன்றைக்கு வேலை முடிந்தது. எண்ணுவது மனிதக் கண்ணாகவும் இருக்க வேண்டும். கருவிகள் பொய் சொல்வதில்லை என்பதால் அரசு அவற்றை நம்புவதில்லை.

கடல் செத்து நாற்பது வருடம். அது தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது. இதை மிஸ்ஸிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஆகவே அவருடைய பழைய குறிப்பேட்டையே தேதி மாற்றி அவருக்குப் படித்துக் காட்டுகிறோம். ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுவது எங்கள் கல்லூரியில் பாடத்திட்டத்தைவிடப் பழைய வழக்கம்.

"டேய் சந்தியாகு, 1931 பிப்ரவரிய எடுத்துக்க," என்று இந்த முறையை எனக்கு ஒப்படைக்கும்போது சொன்னான் அறைத்தோழன் செய்யது. "நல்ல மாசம். மழ கிடையாது. பக்கமும் சின்னது."

பிப்ரவரி பதினொன்றில் மாட்டிக்கொண்டேன்.

"வெள்ளை நிறம். வட்டம், தட்டை. நடுவில் நாலு துளை. அசையவில்லை. புது இனமோ? ஒன்று."

"தம்பி, அது என் ரவிக்கைப் பித்தான்" என்றார் மிஸ் மெதுவாக.

நான் எலும்புக்கூட்டைப் பார்த்தேன்.

"ரெண்டு நாள் அத உயிருன்னு நெனச்சு குனிஞ்சு குனிஞ்சு பாத்தேன். வெக்கமாப் போச்சு. அதான் அந்த வரிய அடிக்கவும் இல்ல, ஆருகிட்டயும் சொல்லவும் இல்ல."

"மிஸ்... உங்களுக்கு எப்ப தெரியும்?"

"மொத வருசமே தெரியும். என் கையெழுத்து எனக்குத் தெரியாதா? கேக்க நல்லா இருந்துச்சு, பேசாம இருந்துட்டேன். ஆனா பித்தானப் போயி உயிருன்னு பதியச் சொன்னா நான் என்ன செய்ய? ஒரே ஒரு நாள் போயிப் பாத்துட்டு வா தம்பி. இருக்கறதச் சொல்லு."

"சும்மா ரெண்டு நண்டு இருந்துச்சுன்னு சொல்லிட்டு வாடா," என்றான் செய்யது. "பொய்தானே, கொலையா பண்ணப்போற?"

உண்மையைச் சொன்னால்தான் கொலை.

மறுநாள் இட்லியை விட்டுவிட்டுப் போனேன். சுவர்க் கதவின் சாவி துறையில் பத்திரமாக இருந்தது. பூட்டுதான் துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. பாறையில் உளியால் கொத்திய 7 என்ற எண் இன்னும் தெரிந்தது. குட்டையில் தண்ணீர் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. அவ்வளவு சுத்தமான தண்ணீரை நான் பார்த்ததில்லை. இறங்கினேன். ஆறிய டீயின் சூடு. காக்கை, குருவி, ஈ, எதுவும் இல்லை. ஒரு கல்லைப் புரட்டினேன், அடுத்ததைப் புரட்டினேன். பக்கத்தில் யாரோ குனிந்து என்னோடு சேர்ந்து பார்ப்பதுபோல் பிடரியில் உறைத்தது. திரும்பினேன். என் நிழல்தான். அதுவும் குனிந்திருந்தது.

பெட்டியின் முன் வந்து நின்றபோது கால்சட்டையிலிருந்து நீர் சொட்டியது. வழியெல்லாம் இரண்டு நண்டுகளைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். வாயில் வரவில்லை.

"சொல்லு தம்பி."

"ஏழாம் குட்டை. தண்ணீர் முழங்கால் அளவு." அதோடு நிறுத்தினேன். "மிஸ், கல்லெல்லாம் புரட்டிப் பாத்துட்டேன் மிஸ்."

"முழங்கால் அளவுன்னு எப்படித் தெரியும்? இறங்கினியா?"

"இறங்கினேன்."

பெட்டி அணைந்துவிட்டதோ என்று அதன் விளக்கைத் தொட்டுப் பார்த்தேன்.

"அப்ப ஒண்ணு இருந்திருக்கே," என்றார் மிஸ். "ரெண்டு கால். ஈரம். அசையுது."

"அது நான், மிஸ்."

"தெரியும். என்னைத் தவிரன்னு நான் எதுக்கு எழுதுனேன் தெரியுமா? என்னையும் சேத்துக்கிட்டா அந்தக் குட்டைல பூஜ்யமே வராது. அப்ப என்னையச் சேக்கத் தேவையில்லாம அவ்வளவு உயிரு இருந்துச்சு. இன்னிக்கி அந்த வரிய விட்டுடு தம்பி."

விட்டுவிட்டேன். பதிஞ்சாச்சு என்றார்.

இப்போது தினமும் போகிறேன். ஞாயிறும் உண்டு. ஏப்ரலில் படிப்பு முடிகிறது. வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக இரண்டு அரியர் வைத்திருக்கிறேன். தேர்வு எழுதி வேண்டுமென்றே தோற்பது பாஸாவதைவிடச் சிரமம். செய்யது ஊருக்குப் போகும்முன் ஒருநாள் சுவர்வரை வந்தான். கதவைத் தாண்டவில்லை.

"ஏழாம் குட்டை. உயிர் ஒன்று."

"என்ன செய்யுது?"

"நிக்குது மிஸ்."

"சாப்பிட்டுச்சா?"

"இல்ல மிஸ். இட்லி தீந்துபோச்சு."

"தனியாவா இருக்கு?"

ஒவ்வொரு நாளும் இந்த இடத்தில் எனக்கு இரண்டு நண்டு ஞாபகம் வரும்.

"ஆமா மிஸ்."



"பதிஞ்சாச்சு."