மூன்றாவது அச்சு

முதல் அச்சில் சிங்கத்துக்கும் அதன் முன்னால் இருந்த மங்கலான உருவத்துக்கும் நடுவே நகக்கீற்று அளவு இடைவெளி இருந்தது. இரண்டாவது அச்சில் அது இல்லை.

அவன் மேசை விளக்கைத் தாழ்த்தி, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து மறுபடி பார்த்தான். பழங்கால கிரேக்க வெள்ளிக்காசு. எத்தனையோ கைகள் பட்டுப்பட்டு வழவழவென்று தேய்ந்துபோயிருந்தது. இப்படிப்பட்ட காசை மெல்லிய களிமண்ணில் அழுத்தி எடுத்து, விழுந்த பள்ளத்தின் நிழலை வைத்து அதை அடையாளம் காண்பதுதான் அருங்காட்சியகத்தில் அவன் வேலை. சிங்கம் என்பதில் சந்தேகமில்லை. அது எதன்மேல் பாய்கிறது என்பதில்தான் தகராறு. காளை என்றால் ஒரு நகரத்துக் காசு, மான் என்றால் வேறொரு நகரத்துக் காசு. அவன் காளை என்றான். "மொதல்ல கண்ணாடிய மாத்துங்க சார்" என்று காப்பாட்சியர் எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு காதிலேயே நின்றுவிட, காசை யாருக்கும் சொல்லாமல் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டான்.

வெளியே மழை பிடித்துக்கொண்டதில் சாயங்காலமே இருட்டிவிட்டது. கூடத்துக் கொடியில் காயாத துணிகளின் புழுங்கிய வாடையும் களிமண்ணின் எண்ணெய் வாடையும் கலந்து வந்துகொண்டிருந்தன, அவற்றுக்கு அடியில் நனைந்த ரோமத்தைப் போல வெதுவெதுப்பான இன்னொரு வாடையும் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

"அண்ணா, இன்னுமா அந்தச் செல்லாக்காசோட மல்லுக்கட்டுறே?"

அடுத்த அறைக் கட்டிலில் ரெட்டைப் பின்னலோடு தங்கை. போன வாரம் மாடிப்படியில் வழுக்கி விழுந்ததில் வலது காலில் முழங்கால் வரை மாவுக்கட்டு. கட்டின்மேல் பேனாவால் கண்ணும் மூக்கும் வரைந்து வைத்திருந்தாள். அப்பா அம்மா போனபின் அவனுக்கு மிஞ்சியிருந்த ஒரே உறவு அவள்தான்.

"காளைதானான்னு பாக்குறேன்."

"கழுதையாவே இருக்கட்டும், நாளைக்குப் பாரு. ஜன்னலைச் சாத்திட்டு வா. நாய் ஏதோ உள்ள வந்த மாதிரி நாத்தம் குடலைப் புடுங்குது."

ஜன்னல் எல்லாம் சாத்தித்தான் இருந்தது.

அவன் லென்ஸைக் கண்ணில் பொருத்திக்கொண்டான். இரண்டாவது அச்சில் அந்த மங்கலான உருவம் ஓர் உடலாகியிருந்தது. மல்லாந்து கிடந்தது. ஒரு கால் மட்டும் தூண் மாதிரி தடித்திருந்தது. மானுக்கு ஏது இவ்வளவு தடித்த கால்? காளையேதான். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னும் ஒரே ஒரு அச்சு எடுத்தால் போதும், காப்பாட்சியரின் முகத்தில் கரியைப் பூசிவிடலாம்.

"அண்ணா." அவள் குரல் மாறியிருந்தது. "என் கட்டுமேல என்னமோ உக்காந்திருக்கு. கனமா இருக்கு. லைட்டைப் போடு."

அவன் கட்டைவிரல் ஏற்கெனவே காசின்மேல் இருந்தது.

தடித்த கால். ஒரே ஒரு கால்.

மாவுக்கட்டுப் போட்ட கால். முதல் அச்சில் சிங்கம் தள்ளி நின்றது. இரண்டாவதில் பாய்ந்துவிட்டது. மூன்றாவதில் என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. காசைத் தூக்கி எறிந்துவிட்டு ஓட வேண்டும். ஆனால் அந்தச் சிரிப்பு. அந்தக் கண்ணாடிப் பேச்சு. அது என்ன மிருகம் என்று இன்னும் முழுசாகத் தெரியவில்லை.

"அண்ணா!"

"ஒரு நிமிஷம்மா. இதோ வந்துட்டேன்."

அழுத்தினான்.

அலறல் எதுவும் கேட்கவில்லை. நக்கும் சத்தம் கேட்டது. நிதானமாக. வெகு நேரம்.

காசைப் பிரித்தான். முத்தம் கொடுப்பதுபோல் சின்னச் சத்தத்தோடு அது களிமண்ணை விட்டது. அச்சு புத்தம் புதிதாக விழுந்திருந்தது. காளை இல்லை. மான் இல்லை. ரெட்டைப் பின்னல். தூக்கிய கைகள். திறந்த வாய். அது அவனைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

காசை மேசையில் போட்டுவிட்டு ஓடினான்.

விளக்கைப் போட்டான். கட்டில் காலியாக இருந்தது. போர்வையில் ஒரு பொட்டு ரத்தம் இல்லை. தரையில் மாவுக்கட்டு மட்டும் நின்றது. வெட்டவில்லை. உடையவில்லை. அவள் வரைந்த கண்ணும் மூக்கும் அவனைப் பார்த்தபடி இருந்தன.

மண்டியிட்டு அதை இரண்டு கைகளாலும் எடுத்தான். உள்ளே ஈரம். எச்சில் மாதிரி வழவழப்பு. இன்னும் சூடு ஆறவில்லை.

பின்னால், அவன் அறையில், நாற்காலி கிறீச்சிட்டது.

களிமண்ணிலிருந்து காசு பிரியும் அந்தச் சின்னச் சத்தம் மறுபடி கேட்டது.